முதல் பேருக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர்

பிப்ரவரி 22, ஞாயிறு

லெந்து தவக்காலம் வந்தா எங்க சீயோன்விளைக் கோயில்ல வேதாகமத்தை முதல் பக்கத்திலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஆள் மாத்தி ஆள் சத்தமா வாசிச்சு முடிக்கணும். யாருக்கு எந்தப் பகுதின்னு சீட்டு குலுக்கிப் போடுவாங்க. இன்னைக்குக் குலுக்கினாங்க. என் வீட்டுக்காரர் இருக்காவளே, இவுகளுக்கு சங்கீதத்துல நல்ல பாகம் விழுந்திருக்கு. ஓரகத்தி லில்லி அக்காவுக்கு ரூத். எனக்கு நாளாகமம் முதல் புஸ்தகம், முதல் ஒன்பது அதிகாரம்.

சீட்டைப் பிரிச்சதும் எங்க கோயில் பாஸ்டர் ஐயரே சிரிச்சுட்டாவ. ஒன்பது அதிகாரமும் பேர்தான். இன்னாருக்கு இன்னார் பிறந்தான், அவனுக்கு இவன் பிறந்தான். போன வருஷம் இது விழுந்த ஆளு பாதியிலேயே இருமல் வந்த மாதிரி நடிச்சு உக்காந்துட்டாரு. "எப்சிபா டீச்சருக்குத்தான் சரியா விழுந்திருக்கு, அட்டெண்டன்ஸ் எடுத்த வாய்லா"ன்னு ஐயரம்மா சொன்னாவ. நான் பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. விசில் இல்லாமலே கிரவுண்டுல அந்தக் கடைசி வரைக்கும் என் சத்தம் போகும். பேர் கூப்பிடுறதுல எனக்கு என்ன பயம்.

சாயந்திரம் கொழுந்தன் சாலமோன்ராஜ் வந்தான். இந்த வருஷம் இவுக குடும்பத்து வம்சக் கூட்டம். பத்து வருஷத்துக்கு ஒருக்கா, ஈஸ்டருக்கு மறுநாள், முதன்முதல்ல ஞானஸ்நானம் எடுத்த ஞானமுத்து தாத்தாவிலேருந்து இப்பப் பிறந்த பிள்ளை வரைக்கும் பேரை வாசிப்பாங்க. பேர் வாசிச்சதும் அந்த ஆளு எழுந்து நிக்கணும். வர முடியாத ஆளுக்கு வேற யாராவது நிக்கலாம். வாசிக்காத பேரு குடும்பத்துல இல்லாத பேரு. மூத்த ஆம்பளைதான் வாசிக்கணும். இவுக அண்ணன் போன மழைக்காலத்துல தவறிட்டாரு, அதனால இந்தத் தடவை இவுக.

முன்ரூம்புல பேசிக்கிட்டிருந்தாங்க. நான் அடுப்படியில அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தேன். சாலமோன்ராஜ் சொன்னான்: "உங்க இடம் வரும்போது 'தேவபிச்சை, எப்சிபா, சந்ததி இல்லை'ன்னு வாசிச்சிருங்கண்ணே. ஒரு வரியில முடிஞ்சிரும்."

இவுக "சரி"ன்னாவ. ஒரு அப்பளம் கருகிப்போச்சு.

எங்களுக்கு ஜெமீமான்னு ஒரு மக. ஒரே மக. எங்க ஹாலோபிளாக் கம்பெனியில வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பையன் சுக்ராமைக் கட்டிக்கிட்டு தூத்துக்குடிக்குப் போயிட்டா. அன்னைக்கே இவுக அவ போட்டோவைச் சுவத்திலேருந்து கழட்டிட்டாவ. நான் ஒண்ணும் சொல்லலை. அவ செஞ்சது தப்புன்னுதான் நானும் சொல்லுதேன். தப்புதான். ஆனா சந்ததி இல்லைன்னா என்ன அர்த்தம்? நான் பெறவே இல்லைன்னு அர்த்தமா?

பிப்ரவரி 25, புதன்

மிளகாய் வத்தல் காயப் போட்டேன். இவுகளுக்குப் பல் வலி. தூத்துக்குடியில நல்ல டாக்டர் இருக்காராம், போயிட்டு வந்தாவ. எந்தப் பல்லுன்னு கேட்டேன். கடவாய்ப் பல்லுன்னாவ.

மார்ச் 1, ஞாயிறு

லில்லி அக்கா கூப்பிட்டு விட்டாவ. செத்துப்போன அண்ணன் பெண்டாட்டி. பீரோவைத் திறந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்து என் கையில வச்சாவ.

"வாசிக்கிறவுக பெண்டாட்டி பக்கத்துல நின்னு தண்ணி குடுக்கணும்லா. இனிமே நீதானே."

"அது தெரியும்க்கா. எப்ப குடுக்கணும்? கையைக் காட்டுவாவளா?"

"காட்ட மாட்டாவ. முதல் பேரு முடிஞ்ச உடனே குடுக்கணும். ஞானமுத்துன்னு சொல்லுவாவ. நீ நீட்டணும். முழுசையும் குடிச்சு முடிப்பாவ. பிறவுதான் ரெண்டாவது பேரு, மாசிலாமணி."

"ஒரே ஒரு பேர் சொன்னதுக்குத் தொண்டை வறண்டு போயிருமாக்கா? நான் ஒரு கிளாஸுக்கே அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு அப்புறம்தான் தண்ணி குடிப்பேன்."

அக்கா சிரிக்கலை. "நம்ம மாமியாரும் அப்படித்தான் குடுத்தாவ. நானும் குடுத்தேன். ஒருக்கா எங்க வீட்டுக்காரர்கிட்ட ஏன்னு கேட்டேன். ரெண்டு நாளு அவுக என்கிட்ட பேசலை. அதோட விட்டுட்டேன்."

நானும் கல்யாணமாகி வந்ததிலேருந்து பார்க்கேன். கூட்டமே அமைதியா இருக்கும், வாசிக்கிறவரு மெதுவா குடிப்பாரு. ஜெபம் மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சிருந்தேன்.

கிளம்பும்போது வாசல்ல நின்னு அக்கா கேட்டாவ, "ஏட்டி எப்சி, பிள்ளைக்குப் பேர் வச்சாச்சா?"

"எந்தப் பிள்ளைக்கு?"ன்னேன், ஜெமீமாவுக்குப் பிள்ளை பிறந்ததே தெரியாத மாதிரி.

"சரி, போ."

செருப்பை மாட்டிக்கிட்டே "திர்சா"ன்னு சொன்னேன். அப்பனுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லைங்கிறதுக்காக அவன் பேரு அழிஞ்சு போகணுமான்னு மோசே முன்னால போய் நின்னு கேட்ட அக்கா தங்கச்சி அஞ்சு பேருல ஒருத்தி திர்சா. ஜெமீமா ஓய்வுநாள் பள்ளியில அந்தக் கதையைக் கேட்டுட்டு வந்து ஒரு வாரம் எங்களை அரிச்சு எடுத்தா. யாருக்கு எந்தப் பேர் வைக்கணும்னு அவளுக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னான்னு கேட்டா, யாரோ சொன்னாங்க. இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேரை நான் வாய் திறந்து சொன்னதில்லை.

மார்ச் 6, வெள்ளி

துணி துவைக்கும்போது வாசிச்சுப் பழகுதேன். முதல்ல கடுப்பா இருந்தது. நாக்கு சுளுக்கிக்கிற மாதிரி பேருக. பேசாம இருமிட்டு உக்காந்த ஆளு புத்திசாலின்னு நினைச்சேன்.

இன்னைக்கு ஒண்ணு புரிஞ்சது. அட்டெண்டன்ஸ் எடுக்கிறவளுக்குத் தெரியும், எல்லாப் பேரையும் ஒரே மாதிரி கூப்பிட முடியாது. ஓடிக்கிட்டே இருப்போம், ஒரு பிள்ளைகிட்ட வந்ததும் "காய்ச்சல் விட்டுச்சா"ன்னு நிப்போம், இன்னொண்ணுகிட்ட "அம்மா வீட்டுக்கு வந்துட்டாளா"ன்னு நிப்போம். இதை எழுதினவனும் அப்படித்தான் நிக்கான். யாபேஸ்கிட்ட நின்னு அவன் பண்ணின ஜெபத்தையே எழுதுதான். அது எல்லா வீட்டுக் காலண்டர்லயும் தொங்குது. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் என்ன இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

வேற எங்கல்லாம் நிக்கான்னு பார்த்துக்கிட்டே வந்தேன். யூதாவோட பெண்டாட்டி கானான்காரின்னு சொல்லுதான். தாவீது கூடப் பிறந்தவ ஒருத்தி இஸ்மவேலனுக்குப் பிள்ளை பெத்தாள்னு சொல்லுதான். பார்வோன் மக ஒருத்திகூட உள்ள வந்து உக்காந்திருக்கா. வேத்தாளை எல்லாம் வெளிய நிறுத்தத்தான் இத்தனை பேரையும் எழுதி வச்சிருக்காங்கன்னு நான் இவ்வளவு நாளும் நினைச்சேன். பார்த்தா வேத்தாள் வந்த இடத்துலதான் நின்னு நிதானமா சொல்லுதான். மறைக்கணும்னு நினைச்சிருந்தா ஒரு வரியை விட்டுட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போறா?

முறுக்கு சுட்டேன். இவுகளுக்குப் பல் வலி, கடிக்க முடியாது. எனக்கு எண்ணெய் ஆகாது. ஒரு டப்பா அப்படியே கிடக்கு. தூத்துக்குடி பஸ் கண்டக்டர் என்கிட்டப் படிச்ச பையன்தான். நமத்துப் போகக் கூடாதேன்னு அவன்கிட்ட குடுத்து விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இவுக மறுபடியும் பல் டாக்டர்கிட்ட. வந்து உக்காந்து வறுத்த கடலை தின்னாவ. சட்டைத் தோள்பட்டையில வெள்ளையா கறை. பல்லுக்கு வைக்கிற மருந்தா இருக்கும்னு துவைச்சேன். பால் வாடை அடிச்சது.

மார்ச் 14, சனி

வாசிச்சு முடிச்சுட்டேன். தொண்டை கட்டிப் போச்சு.

ரெண்டாவது அதிகாரத்துல சேசான்னு ஒருத்தன் வாரான். அவனுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை, பொம்பளைப் பிள்ளைகதான். அவன் வீட்டுல எகிப்துலேருந்து வந்த வேலைக்காரன் ஒருத்தன், பேரு யர்கா. சேசான் தன் மகளை அந்த வேலைக்காரனுக்கே கட்டிக் குடுத்துட்டான். அவங்களுக்குப் பிள்ளை, பேரன், பூட்டன்னு அதுபாட்டுக்குப் பேரு போய்க்கிட்டே இருக்கு, யூதா கோத்திரத்துக்குள்ளேயே. யாரும் அவங்களை எழுப்பி வெளிய அனுப்பலை. இதையேதான் பத்து நாளா கொல்லையில வாசிச்சேன், ஒண்ணும் ஆகலை. கோயில்ல அந்த வரியை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாசிக்க முடிஞ்சது.

"அந்த இடத்துல மட்டும் சத்தம் ரொம்பக் கூடிப் போச்சே டீச்சர்"ன்னு ஐயரம்மா கேட்டாவ. மைக்கு அப்படின்னு சொல்லிட்டேன்.

ஆம்பளைங்க பக்கம் பார்த்தேன். இவுக எழுந்து வெளிய போய்க்கிட்டிருந்தாவ. மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாவ, சாப்பிடலை.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் இவுக கட்டில்ல உக்காந்து விசிறிக்கிட்டிருந்தாவ. கரண்ட் இல்லை. போய் எதிர்ல உக்காந்தேன்.

"முதல் பேருக்கு அப்புறம் எதுக்குத் தண்ணி?"

எழுந்து கொல்லைப் பக்கம் போனாவ. சரி, ரெண்டு நாளைக்குப் பேச்சு கிடையாதுன்னு நினைச்சேன். திரும்பி வந்து அதே இடத்துல உக்காந்தாவ.

"ஞானமுத்து தாத்தாவுக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது"ன்னாவ.

"அப்ப மாசிலாமணி?"

"மருமவன். உப்பளத்துல வேலைக்குன்னு எங்கிருந்தோ வந்த ஆளு. பிறவு தாத்தா வீட்டுல மாட்டுவண்டி பத்துறதுக்கு வேலைக்கு நின்னாரு. என்ன ஊரு, என்ன சாதி, ஒண்ணும் தெரியாது. மாசிலாமணிங்கிறதே ஞானஸ்நானத்துல வச்ச பேரு. தாத்தா மகளை அவருக்கே கட்டிக் குடுத்துட்டாரு. பின்னால வசதி வந்ததும் அதைச் சொல்ல எல்லாருக்கும் வெக்கம். மகன்னு வாசிச்சா, ஐயர் முன்னால நின்னு பொய் சொன்ன மாதிரி. மருமவன்னு வாசிச்சா குட்டு உடைஞ்சிரும்."

"அதனால தண்ணி."

"அதனால தண்ணி. குடிச்சுட்டு அடுத்த பேருக்குப் போயிர வேண்டியது."

வாசிக்கிற ஆளுக்கு மட்டும்தான் இது தெரியுமாம். அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது இவுக காதுல சொல்லியிருக்காரு. இத்தனை மாசமா இவுக இதை மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காவ.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"ன்னு கேட்டேன்.

"தெரியாது. யாரும் சொல்லலை."

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்தது. "வண்டி பத்துனவரு பேரு இருக்கு, பெத்தவ பேரு இல்லையா? நீங்க அத்தனை பேரும் அவ வயித்துலேருந்துதானே வந்தீங்க? அவ வேலைக்காரனைக் கட்டினா வம்சம், ஜெமீமா கட்டினா சந்ததி இல்லையா?"

"தாத்தா கட்டிக் குடுத்தாரு எப்சி. இவ தானா போனா."

இவுகளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. அவ தானாப் போகலை. முதல்ல வந்து கேட்டா. அடுப்படி வாசல்ல நின்னு, அம்மா நீ அப்பாகிட்ட சொல்லுன்னு கேட்டா. தாத்தா செஞ்சதை நாங்களும் செஞ்சிருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

சாலமோன்ராஜ் வந்திருந்தான். அவன் மகன் ஜோயலுக்குப் பாளையங்கோட்டையிலேருந்து நல்ல சம்பந்தம் வருது. பொண்ணு வீட்டுக்காரங்களும் வம்சக் கூட்டத்துக்கு வாராங்களாம், குடும்பத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்னு.

"மைனி, மனசுல வச்சுக்காதீங்க. என் பையன் வாழ்க்கை. அடுத்த கூட்டத்துக்குள்ள எல்லாரும் மறந்திருவாங்க, அப்ப சேர்த்துக்கிடலாம்."

"அடுத்த கூட்டத்துக்கு நான் இருக்கணும்லா"ன்னேன்.

ஜோயல் பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அவனும் சுக்ராமும் என் கிரவுண்டுல ஒண்ணா வாலிபால் ஆடினவங்க. சுக்ராம் நல்லா ஸ்மாஷ் அடிப்பான். தமிழ்தான் தப்புத் தப்பா பேசுவான். ஜெயிச்சா "அம்மா, நான் ஜெயிச்சு போச்சு"ம்பான்.

சாலமோன்ராஜ் காப்பியில சீனி போட மறந்துட்டேன். அவனும் கேட்காம குடிச்சுட்டுப் போயிட்டான்.

மார்ச் 24, செவ்வாய்

வாசிப்பு முடிஞ்சும் அந்தப் பக்கத்தை விட முடியலை. யர்கா பேரை எழுதினவன் அந்த மக பேரை எழுதலையேன்னு அவன் மேலயும் எனக்குக் கோவம். கறிவேப்பிலை உருவிக்கிட்டே மறுபடியும் பார்த்தேன். மூணு வசனத்துக்கு மேல, சேசானோட பிள்ளை அக்லாய்னு ஒரு பேரு. கீழே வந்தா அவனுக்கு ஆம்பளைப் பிள்ளையே இல்லைங்கான். அப்ப அக்லாய் யாரு? மகதானே?

ஐயர்கிட்ட போய்க் கேட்டேன். "அப்படியும் சிலர் சொல்லுதாவ டீச்சர், உறுதியாச் சொல்ல முடியாது"ன்னாவ. எனக்கு உறுதிதான். கல்யாணச் செய்தியில பேரைப் போடலை, தூக்கிப் போடவும் மனசு வரலை, கொஞ்சம் மேல கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கான். தேடுறவ கண்ணுக்குக் கிடைக்கட்டும்னு.

இவுககிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "நம்ம வீட்டுல ஒளிச்சுக்கூட வைக்கலையே"ன்னு சொல்லிட்டு கம்பெனிக்குப் போயிட்டாவ.

மார்ச் 27, வெள்ளி

இவுகளுக்கு மறுபடியும் பல் வலி. இந்த முறை அந்தப் பக்கத்துப் பல்லாம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கோயிலுக்கு நடந்து போகும்போது கேட்டேன், "என்ன வாசிக்கப் போறீங்க?"

"தம்பிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் குடுக்கலையா?"

"வீட்டுக்குள்ள என்னவும் இருக்கலாம் எப்சி. அத்தனை பேருக்கு முன்னால நின்னு வாசிக்கிறது வேற. என்னால முடியாது. நான் அண்ணன் மாதிரி தைரியசாலி கிடையாது."

"அண்ணன் எங்க தைரியமா இருந்தாரு? அவரும் தண்ணிதான் குடிச்சாரு."

மும்மணி ஆராதனையில மூணு மணி நேரமும் அழுதேன். சுத்தி எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க, வித்தியாசம் தெரியலை. பேர் கூப்பிடாத பிள்ளை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். ஸ்கூல்ல புதுசா சேர்ந்த பிள்ளை பேரு சில சமயம் விட்டுப் போயிரும். எல்லாரும் உக்காந்த பிறகும் அது நின்னுக்கிட்டே இருக்கும். அழாது. நம்ம முகத்தையே பார்க்கும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. கறி எடுத்தோம். பித்தளை டம்ளரைப் புளி போட்டு விளக்கினேன், பளபளன்னு இருக்கு. பந்தலுக்குத் தண்ணிக் கேன் வந்தாச்சான்னு நானே போய்ப் பார்த்தேன். வேணுங்கிற அளவுக்கு இருக்கு.

ஏப்ரல் 6, திங்கள்

டம்ளர்ல தண்ணி ஊத்த மறந்துட்டேன். வயசாகுதுல்லா.

பந்தல் நிறைய ஆளு. முதல் வரிசையில சாலமோன்ராஜ், ஜோயல், பாளையங்கோட்டைக்காரங்க. ஐயர் ஜெபம் பண்ணினாவ. இவுக எழுந்து கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "ஞானமுத்து"ன்னாவ. எல்லாரும் தலையைக் குனிஞ்சாங்க. நான் டம்ளரை நீட்டினேன்.

வாங்கும்போதே கனம் தெரிஞ்சிருக்கணும். வாய்க்கிட்ட கொண்டு போனாவ. நின்னாவ. உள்ள பார்த்தாவ. அப்புறம் என்னைப் பார்த்தாவ. நான் அட்டென்ஷன்ல நிக்கிற மாதிரி நேரா முன்னால பார்த்துக்கிட்டு நின்னேன். குடிக்கிற மாதிரி நடிச்சுட்டுக் கீழே வச்சிருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு அந்தப் பயம்தான் ராத்திரியெல்லாம்.

இவுக டம்ளரை மேஜையில வச்சாவ. வெறும் டம்ளரு, சத்தம் நல்லா கேட்டது. பின்னால யாரோ இருமினாங்க.

"ஞானமுத்து தாத்தாவுக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது"ன்னாவ. குரல் எழும்பவே இல்லை, மைக்கு இருந்ததால பிழைச்சோம். "ஒரு மக இருந்தா. அவ பேரு நமக்குத் தெரியாது. அவ பேரு வர வேண்டிய இடத்துலதான் நாம தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். தாத்தா அவளை மாசிலாமணிக்குக் கட்டிக் குடுத்தாரு. மாசிலாமணி வண்டி பத்த வந்தவரு. எந்த ஊரு, என்ன சாதின்னு யாருக்கும் தெரியாது. அவங்க ரெண்டு பேரு வழியிலதான் நாம அத்தனை பேரும் இங்க உக்காந்திருக்கோம்."

பந்தல்ல குசுகுசுன்னு கிளம்பிருச்சு. சாலமோன்ராஜ் பாதி எழுந்துட்டான். "அண்ணே, இது என்ன பேச்சு"ன்னான். இவுக அவனைப் பார்க்கலை. மாசிலாமணின்னு வாசிச்சு, அடுத்து அடுத்துன்னு போனாவ. உயிரோட இருக்கிற ஆளுங்க பேரு வந்ததும் ஒவ்வொருத்தரா எழுந்து நின்னுட்டு உக்காந்தாங்க. குவைத்துல இருக்கிற ஆளுக்கு அவன் மாமியார் நின்னா. சாலமோன்ராஜ் பேரு வந்தப்ப அவன் எழும்பலை.

வாசிக்கிறவரு குடும்பம் கடைசியிலதான். எங்க இடம் வந்தது.

"தேவபிச்சை, எப்சிபா"ன்னாவ. நாங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம்.

"எங்களுக்கு ஒரு மக. இவ பேரு நமக்குத் தெரியும். ஜெமீமா."

பொம்பளைங்க பக்கத்துல லில்லி அக்கா எழுந்து நின்னாவ. வெள்ளைச் சேலை, நல்லாத் தெரிஞ்சது.

"அவ மாப்பிள்ளை சுக்ராம்."

யாரும் எழும்பலை. இவுக அடுத்த பேருக்குப் போகாம காத்துக்கிட்டு நின்னாவ. பிள்ளை பதில் சொல்லுற வரைக்கும் நான் நிப்பேன்லா, அதே மாதிரி. முதல் வரிசையில நாற்காலி நகர்ற சத்தம். ஜோயல் எழுந்துட்டான். அவன் அப்பன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். பொண்ணு வீட்டுக்காரங்க பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஜோயல் நின்னான்.

"அவங்க மக திர்சா"ன்னாவ இவுக. "அவளுக்கு நானே நிக்கேன்."

நான் அந்தப் பேரை இவுககிட்ட சொன்னதே இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

சாலமோன்ராஜ் நேத்து சாப்பிடாமலே போயிட்டான். போன் பண்ணினேன், எடுக்கலை. பாளையங்கோட்டைக்காரங்க சாப்பிட்டாங்க, கை கழுவினாங்க, ஒண்ணும் சொல்லாம கார்ல ஏறிட்டாங்க. சம்பந்தம் நிக்குமா போகுமா தெரியலை. ஜோயல் நல்ல பையன். அவனுக்கு ஒண்ணும் கெட்டுப் போகக் கூடாது.

டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சேன்.

காலையில இவுக சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நின்னாவ. என் முகத்தைப் பார்க்காம, "தூத்துக்குடிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருதேன். பல்லு வலிக்கு"ன்னாவ.

"இருங்க, எனக்கும் பல்லு வலிக்கு"ன்னு சொல்லிட்டு சேலை மாத்தப் போனேன்.